யாரிடம் பாடம்?

பாட்டுக்காரர் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் நாம் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "யாரிடம் பாடம்?" கேட்கிறவர் முகத்தில் மரியாதைதான் இருக்கும், கேள்வியிலும் குற்றம் இருப்பதாகத் தெரியாது. இருபது வருஷமாக நானும் அதைத் தாராளமாகக் கேட்டு வந்தவன்தான். அது எப்பேர்ப்பட்ட கேள்வி என்பது ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு டீக்கடை வாசலில்தான் எனக்கு விளங்கிற்று.

பெசன்ட் நகர்க் கடற்கரையோடு வடக்கே நடந்தால், அடையாறு கடலில் கலக்கிற இடத்துக்கு முன்னால் அந்த மீனவர் குப்பம் வரும். ஒரு பக்கம் பிரம்மஞான சபையின் தோப்பு, மறு பக்கம் மாடி வீடுகள், எதிரே கடல். 2015-ல் பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் வேறு நண்பர்களும் குப்பத்து மக்களோடு சேர்ந்து அங்கே ஒரு கலைவிழாவைத் தொடங்கினார்கள். சபா மேடைக் கச்சேரியும் பறையாட்டமும் ஒரே மேடையில் நடக்க வேண்டும், எவரும் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது எண்ணம். அடுத்த வருஷ விழாவுக்கு நானும் போயிருந்தேன்.

பறையடித்து முடித்த குழுவில் ஒரு பையன். இருபது வயது இருக்கலாம். வேர்வை வழிய டீ குடித்துக் கொண்டிருந்தான். அவன் கை வேகத்தில் நான் சொக்கிப் போயிருந்தேன். பாராட்டிவிட்டு, வழக்கம் போல, "யாரிடமப்பா பாடம்?" என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை.

"யார்கிட்ட கத்துக்கிட்டே?"

"யார்கிட்ட சார் கத்துக்கறது? சாவு வூட்டுல அண்ணனுங்க அடிப்பாங்க. பார்த்துக்கினே இருப்பேன். அப்பால ஒரு நாள் ஆள் வரலை, நான் அடிச்சேன்."

எனக்கு அருகில் நின்ற நண்பர், நல்ல ரசிகர், சபாவில் முன் வரிசைக்காரர், "ஓ, முறையாகக் கற்றுக் கொள்ளவில்லையா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் பையனின் முகம் ஒரு கணம் மூடிக் கொண்டது.

நான் அப்போது பேசாமல் இருந்தேன். பிறகுதான் யோசித்தேன். ஊரின் துக்கம் முழுவதும் திரண்டு நிற்கிற இடத்தில், அழுகிறவர்களின் மூச்சுக்கு ஏற்றபடி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், ராத்திரி முழுக்க அடித்துப் பழகுவது முறை இல்லையென்றால் வேறு எது முறை? பையன் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சரியாகத்தான் சொன்னான். எங்கள் ஜாபிதாவில் அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து, 2018 ஜனவரி 6-ஆம் தேதி, கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக் குழு முதன் முதலாக மேடையேறிற்று. டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு, 19 பேர். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று விசாரித்தால் இந்த நகரத்தின் பாடசாலைகளெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிய வருகின்றன. டென்மா 'குரங்கன்' என்ற சுயேச்சை இசைக் குழுவில் வாசித்தவர். இசைவாணி வடசென்னைப் பெண். அவருடைய தகப்பனார் தாமாகவே கீபோர்டு பழகிக் கொண்டவர். அப்பாவின் மேடைகளில் சிறு வயதிலிருந்தே பாடி, ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவுக்குள் நுழைந்தவர். 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அறிவு என்கிற இளைஞரின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பியவர். அந்தப் பாட்டியிடம் கேட்ட கதைகள்தாம் 2021-ல் 'எஞ்சாய் எஞ்சாமி'யாக உலகம் சுற்றின. மற்றவர்களில் கானாக்காரர்கள் உண்டு. பறையும் சட்டியும் மோளமும் அடிப்பவர்கள் உண்டு. கிடாரும் டிரம்ஸும் வாசிப்பவர்களும் உண்டு.

குழுவின் பெயருக்கு ஆதாரம் பண்டிதர் அயோத்திதாசர் கையாண்ட 'சாதிபேதமற்ற' என்ற சொல். அந்தப் பண்டிதருக்கும் நான் நின்ற குப்பத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. குப்பத்துக்குப் பெயர் கொடுத்த கர்னல் ஒல்காட், அடையாறு பகுதியில் 1894-ல் பஞ்சமர் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளிக்கூடம் திறந்தவர். 1898-ல் அயோத்திதாசர் இலங்கை போய்ப் பௌத்தம் தழுவியதற்கும் அவர் துணை நின்றார். பள்ளிக்கூடத்து வாசல் யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்ற வழக்கு அந்த மணலில் ரொம்பக் காலமாக நடந்து வருகிறது.

நம் ஊரில் மட்டும்தானா இப்படி? அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நான்கு பேர் சேர்ந்து பாடும் ஒரு கிறிஸ்தவப் பாட்டு வகை இருக்கிறது. 1910-ல் டென்னஸியில் ஜேம்ஸ் வான் என்ற பாட்டுப் புஸ்தக வியாபாரி, புஸ்தகம் விற்பதற்காகவே ஒரு நால்வர் குழுவைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஊர் ஊராக அனுப்பினார். அதற்கும் முன்பிருந்தே அங்கே கிராமத்துப் பாட்டுப் பள்ளிகள் நடந்தன. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு வடிவம்: முக்கோணம், வட்டம், சதுரம் என்று. உழுகிறவன் சில நாள் பழகினால் பாட்டைப் பார்த்துப் பாடிவிடலாம். எங்கே கற்றாய் என்றால் அவன், "எங்கள் ஊர் மாதா கோவிலில்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியும். ஆனால் அங்கேயும் ஒரு சங்கடம். அதே சாமியை, சில சமயம் அதே பாட்டையே, கறுப்பர்கள் வேறு கோவிலில் பாடினார்கள். அவர்கள் குழு வேறு, மேடை வேறு. பாட்டு வேலி தாண்டிப் போய் வந்தது. பாடியவன்தான் தாண்ட முடியவில்லை.

"இதற்கு ஒரே வழி, எங்கிருந்து வந்தாய் என்று யாரையும் கேட்காமலிருப்பது, கலைக்குச் சாதி ஏது?" என்று சில நல்லவர்கள் சொல்கிறார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். யோசிக்க யோசிக்க அது சௌகரியமான பொய்யாகப் படுகிறது. மிருதங்கம் வாசிக்கிறவரின் குரு யாரென்று நமக்கெல்லாம் தெரியும். அந்த மிருதங்கத்துக்குத் தோலைப் பதப்படுத்தி, வார் இழுத்து, நாதம் பிடித்துக் கொடுத்தவர் யார்? 2020-ல் டி. எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' அந்தத் தொழிலாளர்களைப் பற்றிய புஸ்தகம். அவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். நாம் கேட்காமலிருந்ததால் அவர்கள் சாதி மறையவில்லை, பெயர்தான் மறைந்தது.

ஆகவே கேட்கத்தான் வேண்டும். எல்லாரையும் கேட்க வேண்டும். பதில் எதுவானாலும் அதையும் ஒரு குருகுலமாக ஏற்கிற மனசு இருந்தால்தான் கேட்கலாம். இன்னொன்றும் உண்டு. கேட்கிறவன் முதலில் தன் பதிலைச் சொல்ல வேண்டும்.

இதைச் சொல்வதற்கு எனக்கு யோக்யதை இல்லை. அன்று டீக்கடையில், நண்பர் நகர்ந்த பிறகு, அந்தப் பையன் என்னிடம் கேட்டான்: "நீங்க கதை எழுதுறவரா சார்? நீங்க யார்கிட்ட கத்துக்கினீங்க?"

கல்லூரிப் படிப்பை இரண்டாவது வருஷத்தில் விட்டவன் நான். இந்தக் கேள்விக்கு மேடைகளில் சொல்வதற்கென்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். புதுமைப்பித்தன், செகாவ் என்று பெரிய பெயர்களாக வரும். அவனிடமும் அதைத்தான் சொன்னேன். "புஸ்தகம் படிச்சுத்தான்" என்றேன்.

"அவ்ளோதானா?" என்றான்.

அவ்வளவுதான் இல்லை. எனக்கு ஒரு அத்தை இருந்தாள். சிறு வயதில் கணவனை இழந்தவள். மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கிற காகிதக் கட்டு எங்கள் வீட்டுக்கு வரும். எல்லாம் பழைய பத்திரிகைகள். மடிக்கும் முன் அந்தக் கதைகளை எனக்கு உரக்கப் படிப்பாள். பாதியில் பக்கம் கிழிந்திருக்கும். "மீதியை நீ சொல்லு" என்பாள். நான் சொல்லுவேன். சரியில்லாவிட்டால், "அவ அப்படிப் போயிட மாட்டாடா, வயித்துல பிள்ளை இருக்கு" என்று திருத்துவாள்.

என்னுடைய எந்தப் புஸ்தகத்தின் முன்னுரையிலும் அத்தை இல்லை. எந்தப் பேட்டியிலும் இல்லை. பொட்டலம் மடித்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சாவு வீட்டில் கற்றேன் என்று சொன்ன பையனுக்கு அந்த வெட்கம் இல்லை. நாங்கள் இருவர்தான் ஒரே கேள்வியில் அதை அவனுக்கு உண்டாக்கப் பார்த்தோம்.

அத்தை இறந்து பதினோரு வருஷமாகிறது. அவள் சாவுக்கும் பறை வந்தது. யார் அடித்தார்கள் என்று நான் கேட்டு வைத்துக் கொள்ளவில்லை.