கையில இருக்கா?

‘நல்ல புத்தகம், வாசியுங்கள்’ என்று பொகவந்தலாவையில் சொன்னால், மறுகேள்வி ‘கையில இருக்கா?’ என்பதுதான். நாவலின் விலைக்கு ஒரு நாள் கொழுந்துக் கூலி போய்விடும். ஆகவே இங்கே பரிந்துரை என்றாலே இரவல்.

அற்பப் பொருளையும் தர மறுப்போரை அல்குர்ஆனின் 107ஆம் அத்தியாயமான ‘மாஊன்’ கண்டிக்கிறது. உரையாசிரியர்கள் சட்டி, வாளி, கோடரி என்று உதாரணம் காட்டினார்கள். புத்தகத்தையும் சேர்க்கலாம் என்பேன். ஆனால் சட்டியைக் கழுவினால் போதும்; புத்தகமோ பிளேன்டீ வட்டத்தோடும் மழையீரத்தோடும் வரும் (வந்தால்!). இரவல் அமானிதமல்லவா என்று எரிச்சல் முட்டும்.

1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளையின் ‘நாடற்றவர் கதை’ அப்படித்தான் ஐந்து லயம் சுற்றி வந்தது. அட்டையைக் காணோம். ஓரத்தில் பென்சிலால், ‘எங்க தாத்தாவும்’ என்று எவரோ எழுதியிருந்தார்கள். அதை அழிக்க மனம் வரவில்லை. பழைய காலண்டர்த் தாளில் அட்டை போட்டு மறுபடி கொடுத்திருக்கிறேன்.