மருத்துவரின் பிழையும் மார்க்கத்தின் நீதியும்

நோயையும் அதற்குரிய நிவாரணத்தையும் படைத்த அல்லாஹுத் தஆலாவுக்கே புகழனைத்தும்.



நமது புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு ஜனாஸாவுக்குப் போயிருந்தோம். பிரசவத்திற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இளம்பெண் மௌத்தாகிவிட்டார். பிறந்த குழந்தை நன்னியின் மடியில் உறங்கிக் கொண்டிருந்தது. வாசலில் இளைஞர்கள், "மருத்துவமனையை உடைக்காமல் விடமாட்டோம்" என்றார்கள். பெரியவர்களோ, "எல்லாம் கத்ரு. மன்னித்துவிட்டதாக எழுதிக் கொடுத்துவிடுவோம்" என்றார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது அந்தக் கணவர் நம் கையைப் பிடித்துக் கொண்டு, "ஹஜ்ரத், என்ன நடந்தது என்று கேட்பது ஈமானுக்குக் குறைவா?" என்று கேட்டார்.

அன்று அவரிடம் சொன்ன பதிலையே இங்கே விரிவாக எழுதுகிறோம்.

மரணத்தின் நேரம் அல்லாஹ்வின் விதிப்படியே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் விதியை நம்புவது வேறு. மனிதனின் பொறுப்பை மறுப்பது வேறு. தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று தோழர்களிடம் கேட்டார். அவர்கள் மார்க்கம் தெரியாமல் குளிக்கச் சொன்னார்கள். குளித்தார், இறந்து போனார். செய்தி எட்டியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் "விதி" என்று சொல்லி விட்டுவிடவில்லை. அவரைக் கொன்றுவிட்டார்களே என்று கடிந்து, அறியாதவர் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும் என்று உணர்த்தினார்கள். அபூதாவூதில் வரும் நிகழ்ச்சி இது.

மருத்துவ அறிவு இல்லாமல் மருத்துவம் செய்பவன் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற நபிமொழியும் அந்நூலில் உள்ளது. இதை வைத்தே இமாம்கள் சட்டம் வகுத்தார்கள். தேர்ந்த மருத்துவர், நோயாளியின் அனுமதியோடு, தொழிலின் வரம்பை மீறாமல் சிகிச்சை செய்து, அதன் பின்னும் உயிர் போனால் அவர்மீது ளமான், அதாவது நஷ்ட ஈடு இல்லை. அறியாதவன் துணிந்து கைவைத்தால் பொறுப்பு உண்டு. தேர்ந்தவரே ஆயினும் கை தவறினால் அதற்கும் ஈடு உண்டு. இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் "ஸாதுல் மஆத்" நூலில் மருத்துவர்களை ஐந்து வகையாகப் பிரித்து இதை விளக்குகிறார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இவ்வழியிலேயே வந்து சேர்ந்திருப்பதைக் காணுங்கள். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த பம்பாய் வழக்கில், தெரியாத மருத்துவத்தைச் செய்ததே கவனக்குறைவு என்று 1996இல் கூறி 3 லட்ச ரூபாய் ஈடு வழங்கச் சொன்னது. பிராண வாயு உருளை வெறுமையாக இருந்ததாகச் சொல்லப்பட்ட லூதியானா வழக்கில், 2005இல், மிகப் பெரிய கவனக்குறைவு இருந்தாலன்றி மருத்துவர்மீது குற்ற வழக்குக் கூடாது என்றும், அதற்கு முன் வேறொரு மருத்துவரின் நடுநிலையான கருத்து வேண்டும் என்றும் வரையறுத்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தோருக்கு 5 ஆண்டு வரை சிறை. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நேர்ந்தால் 2 ஆண்டு வரை.

ஆகவே சகோதரர்களே, கேட்பது பாவமன்று. கேட்கும் முறைதான் முக்கியம்.

மருத்துவமனையை உடைப்பது முறையா? வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதீர்கள் என்பது ஹுஜ்ராத் அத்தியாயம் தரும் எச்சரிக்கை. அடுத்த கட்டிலில் கிடக்கும் நோயாளி என்ன குற்றம் செய்தார்? தமிழகத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி இது 10 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமுமாகும். 1886இல் நம் புதுக்கோட்டையில் பிறந்து, பெண்கள் படிப்பதே அரிதாயிருந்த காலத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் உயர்த்திய தொழில் இது.

சரி, மன்னிப்பது? தவறுதலாக நேர்ந்த கொலைக்குத் தியத் கொடுக்கச் சொல்லும் அன்னிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனமே, உரியவர்கள் அதை தர்மமாக விட்டுவிடுவதையும் அனுமதிக்கிறது. மன்னிப்பு மேலானது. ஆனால் யாருடைய பங்கை யார் மன்னிப்பது? தியத் வாரிசுகளின் சொத்து. கணவனின் தியத்தில் மனைவிக்குப் பங்கில்லை என்றே முதலில் கருதிய உமர் (ரலி) அவர்கள், அஷ்யம் என்பவரின் மனைவிக்கு நபிகள் நாயகம் (ஸல்) பங்களித்ததை ளஹ்ஹாக் (ரலி) தெரிவித்ததும் தம் கருத்தை மாற்றிக் கொண்டார்கள். கணவர் தம் பங்கை விடலாம். நன்னியின் மடியில் உறங்கும் அந்தக் குழந்தையின் பங்கை விட ஜமாஅத்துக்கு உரிமையில்லை. திண்ணையில் அமர்ந்து மன்னித்த பெரியவர்கள் இதை யோசிக்கவில்லை.

நம் சமூக மருத்துவர் ஒருவர், "வழக்குப் பயத்தில் காப்பீடு எடுக்கிறோம், இது ஆகுமா?" என்று கேட்கிறார். ஹுதைல் கோத்திரத்துப் பெண் கல்லெறிந்து இன்னொரு பெண் இறந்தபோது, எறிந்தவளின் உறவினரே தியத் தர வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) தீர்ப்பளித்தார்கள். இதுவே "ஆகிலா". தவறிய ஒருவரின் சுமையைப் பலர் பகிர்வது நம் மார்க்கத்திற்குப் புதிதன்று. 1985இல் ஜித்தாவின் இஸ்லாமிய பிக்ஹு அகாடமி வணிகக் காப்பீட்டைத் தடுத்து, கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது. எனவே மருத்துவர்கள் கூடி நன்கொடை நிய்யத்தில் நிதி சேர்ப்பது பேணுதலானது. அதற்கு வழியில்லாதவர் தம் நிலையை உலமாக்களிடம் சொல்லி பத்வா பெறட்டும். எந்த நிதியும் பணத்தைத்தான் கட்டும். அலட்சியத்தின் பாவத்தைக் கட்டாது.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை: சிகிச்சைக்கு முன் விவரம் கேட்டுக் கையெழுத்திடுங்கள். கடனையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சீட்டு, ரசீது, அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சைப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தருவது மருத்துவரின் கடமை. நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் முறையிடலாம். எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனைக்கு அச்சட்டம் பொருந்தாது. அங்கு சிவில் நீதிமன்றமும், மதுரை உயர்நீதிமன்றக் கிளையும் உண்டு. மருத்துவர்மீது பிழையில்லை என்று தெரிந்தால் அதையும் ஊரறியச் சொல்லுங்கள். அதுவும் ஷஹாதத்தே.

அந்தக் கணவர் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். வேறொரு மருத்துவரிடம் காட்டப் போவதாகச் சொன்னார். தீர்ப்பு எப்படி வரினும், மகள் வளர்ந்து கேட்கும்போது அவரிடம் ஒரு பதில் இருக்கும்.

நோயாளிகளுக்கு ஷிபாவையும், மருத்துவர்களுக்கு அமானிதம் பேணும் உள்ளத்தையும், நமக்கு நீதியின்மீது நிலைக்கும் பொறுமையையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.