ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் போடலாமா?

“நீ ஆட்டத்துக்கு வராதே” என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் துரத்துவது எந்தப் பள்ளியிலும் அன்றாடம் நடப்பதுதான். சின்னப் பிள்ளைகள் சண்டை, தானே சரியாகிவிடும் என்று பெரியவர்கள் விட்டுவிடுவார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் லேபரட்டரி பள்ளியில் மழலையர் வகுப்பு எடுத்த விவியன் பேலி அப்படி விடவில்லை. யார் ஆடலாம் என்பதை ஒருசில பிள்ளைகளே முடிவுசெய்கிறார்கள், ஒதுக்கப்படுவதும் திரும்பத் திரும்ப அதே பிள்ளைகள்தான் என்பதைக் கவனித்தார். ‘ஆட வராதே’ என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாதென்று ஒரு விதி கொண்டுவந்தார். அந்த விதியையே தலைப்பாக்கி அவர் எழுதிய புத்தகம் 1992இல் வெளிவந்தது.

விதியை அமலாக்கும் முன் ஐந்தாம் வகுப்பு வரையிலான பெரிய பிள்ளைகளிடம் போய், இது நியாயமா, நடக்குமா என்று கேட்டார். நியாயம்தான், நடக்காது என்றார்கள் பலர். அவருடைய வகுப்புச் சிறுமி ஒருத்தியோ அடிமடியிலேயே கைவைத்தாள்: பிடித்தவர்களோடு ஆட முடியாதென்றால் ஆட்டம் எதற்கு?

விருப்பத்தை விதியால் வரவழைக்க முடியுமா என்பது தத்துவம் நெடுங்காலமாக மல்லுக்கட்டும் கேள்வி. ஆணையிட்டு அன்பை வரவழைக்க முடியாது என்றார் கான்ட். மனம் ஒட்டாவிட்டாலும் பிறருக்கு நல்லது செய்வது கடமை என்றவரும் அவர்தான். அரிஸ்டாட்டிலை இந்தச் சிக்கல் அவ்வளவாக உறுத்தியிருக்காது. நியாயமாக நடந்து நடந்துதான் ஒருவர் நியாயவான் ஆகிறார் என்பது அவர் கட்சி.

பேலியின் துணிச்சல் வேறிடத்தில் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குப் பழகும் விதத்தைக் கற்றுக்கொடுத்துத் தேற்றுவதுதான் வழக்கமான வைத்தியம். மாற வேண்டியது அந்தப் பிள்ளையல்ல, கூட்டம் என்றார் அவர். வீட்டுக்கு யாரை அழைப்பது என்பது பிள்ளையின் விருப்பம். வகுப்பறை பொது இடம். அங்கே நட்பைக் கேட்க முடியாது, இடத்தைக் கேட்கலாம்.

ஆனால் இடம் கொடுத்தும் ஒதுக்கலாம். தமிழ்நாட்டில் தெருவில் ஆடும் பிள்ளைகளுக்கு இது தெரியும்: அழுதுகொண்டே வரும் தம்பியை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் ஓடலாம், பிடிபட்டால் கணக்கில்லை.

அமெரிக்க மழலையர் வகுப்புகளில் பேலியின் விதியைச் சோதித்த ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. விதி இருந்த வகுப்புகளில் பிள்ளைகளுக்கு ஒருவரோடொருவர் ஆடும் விருப்பம் கூடியிருந்தது. கூடவே மனக்குறையும் கூடியிருந்தது. வேண்டியவர்களோடு மட்டும் ஆடிய சுகத்தை இழந்தால் முகம் வாடத்தானே செய்யும்? விதி மட்டும் போதாது என்பதால்தானோ என்னவோ, பேலியும் அதை அறிவித்ததோடு நிற்கவில்லை. மேக்பை என்ற பறவையைப் பற்றிய கதைகளைத் தானே கட்டி, வகுப்பில் விடாமல் சொல்லிவந்தார்.