தண்டு கேட்பார்க்கு இல்லை என்னலாமோ?

ஒரு பொருளைப் பிறர்க்கு அளித்த பின்னும் அது நம்மிடத்தே குறையாதிருக்குமாயின், அச்செயலை ஈகை என்று அழைத்தல் தகுமா? பணம் கொடுத்தால் பை இளைக்கும். சோறு கொடுத்தால் பானை குறையும். கொடுக்கக் குறையாதது கல்வி ஒன்றே என்பர் பெரியோர். ஆயின் அத்தகைய பொருள் இன்னொன்று நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. தண்டை வெட்டி நட்டால் தழைக்கும் பூச்செடியே அது.

வாண்டா மிஸ் ஜோக்கிம் என்னும் ஆர்க்கிட்டை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணியாகிய ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையார் இரண்டு வாண்டா இனங்களைக் கலந்து இதனை உண்டாக்கினார். அக்காலத்தில் பூமலைத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி துரை 1893-ஆம் ஆண்டில் இதனை உலகிற்கு அறிவித்தார். அம்மையார் 1899-இல் காலமானார். செடியோ காலமாகவில்லை. அன்று முதல் தண்டு தண்டாக வெட்டப்பட்டுக் கைமாறி, கடல் கடந்து ஹவாய்த் தீவுகள் வரை சென்றது. 1981-இல் சிங்கப்பூரின் தேசிய மலராகவும் ஆயிற்று.

இங்கே சற்று நின்று எண்ணுதல் வேண்டும். விதையினின்று முளைப்பது பிள்ளை. அது தாயைப் போலவும் இருக்கும், போலாமலும் இருக்கும். தண்டினின்று தழைப்பதோ தாயே. அம்மையாரின் செடிவழி வந்த தண்டு நம் முற்றத்தில் பூக்குமானால், அவர் கண்ட பூவையே நாமும் காண்கிறோம். மூலம் எது, நகல் எது என்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது. தோட்டத்து மக்களுக்கு இது புதிய செய்தியன்று. மொட்டு ஒட்டிய ரப்பர்க் காட்டிலே, ஒரே இனத்து ஒட்டுமரம் நூறு ஒரு நிரையில் நிற்குமாயின், வேர்கள் நூறாயினும் மேல்மரம் ஒன்றே. (ரப்பர் விதைகளைத் துரைமாரிடம் வலியக் கொடுத்துப் பயிரிடத் தூண்டியவரும் அதே ரிட்லி துரைதாம். அக்கொடையால் விளைந்த செல்வம் யார் கைக்குப் போயிற்று என்பது வேறு கட்டுரைக்குரிய செய்தி.)

அங்ஙனமாயின், ஒரு தண்டு கேட்டு வேலிக்கு அப்பால் நிற்பவரிடம் 'இல்லை' என்று சொல்பவர் எதனைக் காக்கிறார்? செடியையா? அது குறைவதில்லையே! கிராணி வேலையிலுள்ள நாம் இவ்வழக்கத்தை நன்கு அறிவோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும் இது போகவில்லை. கிராணி வீட்டு முற்றத்தில் உள்ள பூ லயத்து வாசலிலும் பூத்துவிட்டால், கிராணி வீட்டுக்கு என்ன சிறப்பு என்னும் எண்ணமே அந்த 'இல்லை'யின் வேர். காக்கப்படுவது பூவன்று, பிறரிடம் பூ இல்லாமையே. பிறர் இல்லாமையைத் தன் உடைமையாக எண்ணுவது உலோபத்தினும் இழிந்ததென்பது நம் துணிபு. உலோபியாவது தன்னிடம் உள்ள பொருளை விரும்புகிறான்.

புதிய இனத்தை உண்டாக்க உழைத்தவருக்கு உரிமை இல்லையோ என்று சிலர் வினவலாம். உண்டு. மலேசியாவில் புதிய பயிரினங்களைக் காக்கும் சட்டம் 2004-இலேயே இயற்றப்பட்டது. ஆண்டுக்கணக்காக உழைத்தவர் உழைப்பின் பயனைப் பெறுவது நீதியே. ஆயின் அந்த நீதியை, அச்செடிக்காக ஒரு விரலும் அசைக்காத நாம் நம் வேலிக்குள் இழுத்துக்கொள்வது எங்ஙனம் பொருந்தும்? நம் கைக்கு வந்ததும் யாரோ ஒருவர் வெட்டித் தந்த தண்டுதானே!

இனி, முதல் வினாவுக்கு வருவோம். குறையாததைக் கொடுப்பதில் பெருமை என்ன? இச்செடியை வளர்த்தவர் இதற்கு விடை அறிவர். பென்சில் போன்ற இலைகளையுடைய இதன் தண்டு, நட்ட கம்பின் உச்சியைத் தாண்டி வெயிலில் தலை நீட்டிய பின்னரே தாராளமாகப் பூக்கும். வெட்டும்போது காற்றுவேர் இரண்டு மூன்றேனும் உள்ள நுனித்தண்டைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அதனைக் கம்பிற் கட்டி, அடியில் தேங்காய் மட்டை இட்டு, நாடோறும் நீர் தெளித்துவந்தால் விரைவில் பூக்கும். அடித்தண்டோ மொட்டையாய் நின்று, பக்கத்தே குருத்து விட்டு, அக்குருத்து வளர்ந்து கம்புக்கு மேலே எழுந்த பின்னரே பூக்கும். ஆகவே ஒரே செடியை இருவர் பகிர்ந்துகொள்ளும்போது, ஒருவருக்கு நுனி, மற்றவருக்கு அடி. ஒருவருக்குப் பூ, மற்றவருக்குப் பல மாதக் காத்திருப்பு. செடி குறையாது என்பது மெய், காலம் குறையும்.

நுனியைத் தமக்கு வைத்துக்கொண்டு, அடியில் ஒரு துண்டைப் பிறர்க்கு அளிப்பவரை நாம் குறை கூறமாட்டோம். அவரும் கொடுத்தவரே, கேட்டவர் வீட்டிலும் என்றேனும் பூக்கும். எனினும், கேட்டவர் கையில் கத்தியையே தந்து, 'வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்' என்பவரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர் வீட்டு முற்றத்தில் சில மாதம் மொட்டைத் தண்டுகளே நிற்கும். வழியே போவோர் அவற்றைக் கண்டு, இச்செடி பட்டுவிட்டதோ என்று கேட்பதும் உண்டு. பட்டதன்று, அடிக்கணுவை உற்று நோக்கினால் பச்சைக் குருத்து ஒன்று மூக்கை நீட்டியிருக்கும்.