பியூஸ் மாற்றினால் போதுமா?

வேதபாகம்: யோசுவா 7-ம் அதிகாரம்



நம்ம ஆலங்குளத்துக்கு லாரி புதுசல்ல. 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை ஓட ஆரம்பித்த நாள்முதல் பார்க்கிறோம். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு? ஆனால் மார்கழி, தை மாதத்தில் டெல்லிப் பக்கம் பனிமூட்டத்தில் முன்கண்ணாடி உள்பக்கம் வேர்த்து மறைத்துவிடும். இன்ஜின் சுடுதண்ணீரின் சூட்டை ப்ளோயர் காற்று கண்ணாடியில் கொண்டுபோய் அடித்தால்தான் வழி தெரியும். ப்ளோயர் நின்றால் உயிருக்கே ஆபத்து.

பழைய லாரியில் இந்த ப்ளோயர் அடிக்கடி நின்றுபோகும். டிரைவர் என்ன செய்கிறார்? பியூஸ் மாற்றுகிறார், ஓடுகிறது. நாலு நாளில் மறுபடி போச்சு. ரெசிஸ்டரை மாற்றுகிறார். ஒரு மாதத்தில் அதுவும் கருகுகிறது. கடைசியில் கோபத்தில் பியூஸ் இருந்த இடத்தில் கம்பியைச் சுற்றிவிடுகிறார். இனி பியூஸ் போகாது, ஒயரிங்கே தீப்பிடிக்கும்!

நல்ல எலக்ட்ரீஷியன், "எது போச்சு?" என்பதோடு நிறுத்தமாட்டார், "ஏன் போச்சு?" என்று கேட்பார். மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்ப்பார். புஷ் காய்ந்து இறுகியிருந்தால் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும். பியூஸும் ரெசிஸ்டரும் தாங்காது. கப்ளரைக் கழற்றிப் பார்ப்பார். பின் லூசாயிருந்தால் அந்த இடம் சூடேறி உருகியிருக்கும். எர்த் சரியா என்று பார்ப்பார். காற்று வரும் வழியில் சருகும் தூசியும் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். ஏனென்றால் ரெசிஸ்டர் அந்தக் காற்றிலேதான் குளிர்கிறது. காற்று அடைபட்டால் புது ரெசிஸ்டரும் கருகத்தான் செய்யும்.

பிரியமானவர்களே, எரிகோவை ஜெயித்த ஜனம் சின்னஞ்சிறு ஆயி பட்டணத்தில் முதுகு காட்டி ஓடிற்று. 36 பேர் மாண்டார்கள். யோசுவா சாயங்காலமட்டும் முகங்குப்புற விழுந்து கிடந்தார். தேவன் என்ன சொன்னார்? எழுந்திரு என்றார்! பாளயத்தில் மறைந்திருக்கும் காரணத்தைக் காட்டினார். கோத்திரம், வம்சம், வீடு, ஆள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தபோது ஆகானின் கூடாரத்துக்குள் புதைத்த பொன்னும் வெள்ளியும் சால்வையும் அகப்பட்டது.

இன்று நம் நிலை என்ன? கன்வென்ஷனில் கண்ணீர் விட்டு குடியை விடுகிறோம். அடுத்த சனிக்கிழமை சம்பளம் வந்ததும் பழைய கடைவாசல். உபவாச ஜெபத்தில் அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுகிறோம்; வரப்புத் தகராறு அப்படியே கிடக்கிறது. இதெல்லாம் பியூஸ் மாற்றுகிற வேலை. மனச்சாட்சி குத்தும்போது அதன் வாயை அடைக்கிறோமே, அதுதான் பியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவது. பியூஸ் நமக்குச் சத்துருவா? இல்லை, வண்டியைக் காப்பாற்றத்தான் அது எரிகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வியாதியாய்ப் படுத்திருப்பவரிடம் போய், "உனக்குள் என்ன பாவம்?" என்று யாரும் கேட்க வேண்டாம். பிறவிக் குருடனைக் குறித்து அப்படிக் கேட்ட சீஷர்களுக்கு ஆண்டவர் சொன்ன பதிலை யோவான் 9:3-ல் வாசியுங்கள். இந்தச் சோதனை அடுத்தவருக்கல்ல, எனக்கும் உங்களுக்கும்தான். சங்கீதம் 139-ன் முடிவில் தாவீது தன்னைத்தான் சோதிக்கச் சொல்லி ஜெபிக்கிறார்.

ஆகவே இந்த வாரம் ஒவ்வொன்றாய்ப் பாருங்கள். நான் விழுகிற நாள் எது? போகிற வழி எது? கூட இருப்பது யார்? திருப்பிக் கொடுக்காத பணம் உண்டா? மன்னிக்காத ஆள் உண்டா? ஆவியானவரின் காற்று நுழையாதபடி எந்தச் சருகு அடைத்திருக்கிறது? கண்டுபிடித்ததை அறிக்கை செய்யுங்கள், அதோடு அகற்றியும் போடுங்கள். நீதிமொழிகள் 28:13 இரண்டையும் கேட்கிறது.

ஆகானுக்குக் கற்குவியல் கிடைத்தது. நமக்கோ கல்வாரிச் சிலுவை இருக்கிறது. அங்கே மறைத்து வைக்க ஒன்றுமில்லை. மன்னிப்பு உண்டு, மாற்றம் உண்டு. பனிமூட்டத்திலும் வழி தெளிவாய்த் தெரியும். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென். அல்லேலூயா!