மரம் நட்டால் கடன் தீருமா?



பட்டணத்திலும் ஆலைகளின் ஓரத்திலும் மரம் நட்டால் புகையிலுள்ள கரி மரத்தில் அடங்கிவிடும் என்கிறார்கள். மெய்தான். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரியே; இலை காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்தது. ஆனால் கணக்கைச் சற்றுப் பாருங்கள். உலர்ந்தபின் 100 கிலோ தேறும் மரமொன்று பல்லாண்டு வளர்ந்து சேர்த்த கரி, சுமார் 80 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளியேறிவிடும். வாரம் 2 லிட்டர் போடும் ஸ்கூட்டருக்கு அது ஒரு வருஷத்துக்கும் காணாது.

அந்த மரமும் நிற்கும்வரைதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே நாளில் சாய்த்தது. விழுந்த மரம் எரிந்தாலும் மக்கினாலும் கரி மறுபடி காற்றுக்கே.

ஆகையால் ஆலைக்காரர் வாசலில் நாலு கன்று நட்டு, கணக்குத் தீர்ந்தது என்றால் ஒப்பலாமா? பிறனுக்கு விளைத்த நஷ்டத்தை ஈடுசெய்யுமுன், நஷ்டம் விளைப்பதை நிறுத்த வேண்டாமா? (ஸ்கூட்டர் வைத்திருக்கும் நமக்கும் இதே கேள்விதான்.)

அப்படியானால் நட வேண்டாமா என்பீர்கள். நடத்தான் வேண்டும், எண்ணூர், மணலி போன்ற இடங்களில் முதலில். கடனடைக்க அல்ல, அங்கே வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனுக்கு நிழல் சேரவேண்டியது நியாயம் என்பதற்காக. வேம்போ புங்கோ, நட்டவரே இரண்டு கோடைக்காவது தண்ணீர் ஊற்றட்டும். போட்டோ எடுத்ததோடு விட்ட கன்றுகள் எத்தனை கருகிக் கிடக்கின்றன!