பகடைக்குத் தெரியாத ஏழு நாட்கள்

நண்பனோடு கணினியில் முதல் உலகப்போர் விளையாடிக்கொண்டிருந்தேன். தாக்குவதற்கு முன் பீரங்கிகளை முடுக்கினேன். திரை சில நொடி அதிர்ந்தது. எதிரியின் பதுங்குகுழி வரிசையில் பாதி காலி. "இது ரியலிஸ்டிக்கே இல்லடா. பீரங்கி இவ்ளோ சுத்தமா கொல்லாது" என்றான்.

சரி, எப்படிக் கொன்றால் ரியலிஸ்டிக்?

இந்தக் கேள்வி இருநூறு வருடப் பழசு. 1824-இல் பிரஷ்யப் பீரங்கிப்படை அதிகாரி ரைஸ்விட்ஸ், 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். வரைபடத்தின் மேல் சிவப்பு, நீலக் கட்டைகள். சுட்டால் எவ்வளவு சேதம் என்பதற்கு அட்டவணை, கூடவே பகடை. அதே பீரங்கி, அதே தூரம் என்றாலும் விளைவு ஒன்றுபோல் இருக்காது என்பது பீரங்கிக்காரருக்குத் தெரியாதா என்ன? களம் முழுவதையும் அறிந்தவர் நடுவர் மட்டுமே. ஆடுபவருக்குத் தன் ஆட்கள் கண்டது மட்டும்தான் தெரியும்.

நிஜப் போரில் தளபதிகளிடம் இந்த அடக்கம் இல்லை. 1916 ஜூன் 24 தொடங்கி ஒரு வாரம், சோம் போர்முனையில் பிரிட்டிஷ் பீரங்கிகள் ஏறக்குறைய 15 லட்சம் குண்டுகளைப் பொழிந்தன. இதற்குப் பிறகு அங்கே யார் மிஞ்சியிருப்பார்கள் என்பதுதான் கணக்கு. ஆனால் பல குண்டுகள் வெடிக்கவே இல்லை. பெரும்பகுதி ஷ்ராப்னல், அதாவது காற்றில் வெடித்து ஈய உருண்டைகளைச் சிதறடிப்பவை. ஆழமான நிலவறைகளை அவை தொடாது. ஜூலை 1 காலை குண்டுமழை பின்வரிசைக்கு நகர்ந்ததும் ஜெர்மானியர்கள் மேலே ஏறிவந்து இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்தினார்கள். அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் இழப்பு. அதில் இறந்தவர்கள் 19,240.

ஆக, நண்பன் சொன்னது சரி. வெடிக்காத குண்டு, அறுபடாத முள்கம்பி எல்லாவற்றையும் நல்ல விளையாட்டு கணக்கில் எடுக்க வேண்டும். எடுத்தாலும் ஒன்று மிச்சமிருக்கும்: அந்த நிலவறைக்குள் இருந்தவன். தூக்கமில்லை, சாப்பாடு வந்து சேரவில்லை, வாசல் எப்போது இடிந்து மூடும் என்று தெரியாது. விளையாட்டில் அவன் 'மன உறுதி 40' என்ற எண். அவனுடைய ஏழு நாட்களை நான் ஒரு பட்டனை அமுக்கி வேகமாக ஓட்டிவிடலாம். அதை அப்படியே காட்டும் விளையாட்டை யாராவது செய்தால்? யாரும் ஆடமாட்டார்கள். ஆடி ரசித்தால் அது இன்னும் பயங்கரம்.

என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. சாகிறவன் விஷயத்தில் பொய் சொல்லும் இந்த விளையாட்டு, கொல்கிறவன் விஷயத்தில் ரொம்ப உண்மையாக இருக்கிறது. சில கிலோமீட்டர் பின்னால் நின்ற பீரங்கிக்காரனும் தன் குண்டு யார்மேல் விழுந்தது என்று பார்க்கவில்லை. அவனுக்கும் வரைபடம், எண்கள், கட்டளை. அப்புறம் தூரத்தில் ஒரு புகை. என் நாற்காலி இருப்பதும் அதே இடத்தில்தான்.

அதற்காக விளையாடுவதை விடப்போகிறேன் என்றில்லை. ஆனால் பகடை இல்லாத பீரங்கியை இனி நம்பமாட்டேன். 'உனக்குத் தெரியாது' என்று சொல்லும் விதி, அழகான வெடிப்பைவிட நேர்மையானது. சோம் வயல்களில் உழும்போது இன்றும் வெடிக்காத குண்டுகள் கிளம்பி வருகின்றன. அந்த டர்ன் அங்கே இன்னும் முடியவில்லை.